லினக்ஸ் வழங்கியின் மெய்நிகராக்கச் சூழல் மாற்றம்

லினக்ஸ் வழங்கியின் மெய்நிகராக்கச் சூழல் மாற்றம் என்பது, ஒரு மெய்நிகராக்க மென்பொருளின் கீழ் இயங்கும் லினக்ஸ் வழங்கியை அதன் தரவுகளுடன் வேறொரு மெய்நிகராக்க மென்பொருளின் கீழ் இயங்கச் செய்வதாகும். விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு மாறுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கருனியின் ஒரு பகுதியாக உள்ளது.

வட்டுக் கோப்பை விஎம்டிகே வடிவத்திலிருந்து கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றுவது எளிது. புதிய சூழல் காட்டும் வன்பொருள் வேறாக இருப்பதால்தான் சிக்கல்கள் எழுகின்றன.

தொடக்க இயக்கிகள்

கேவிஎம்மில் வட்டு பெரும்பாலும் விர்ட்டியோ என்னும் இடைமுகம் வழியாக வழங்கப்படுகிறது. வழங்கி தொடங்கும்போது வட்டைத் திறக்கும் இயக்கி, இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு கோப்புத் தொகுப்பில் இருக்க வேண்டும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7இல் இத்தொகுப்பு, அப்போதுள்ள வன்பொருளுக்குத் தேவையான இயக்கிகளை மட்டுமே கொண்டு உருவாக்கப்படுகிறது. ஆகவே, வட்டில் பழுது இல்லாதபோதும் புதிய சூழலில் வழங்கி தொடங்காமல் போகலாம். பழைய சூழலில் இருக்கும்போதே விர்ட்டியோ இயக்கிகளைச் சேர்த்துத் தொகுப்பை மீண்டும் உருவாக்குவதே தீர்வு. இது விடுபட்டிருந்தால், தொடக்கப் பட்டியலில் உள்ள மீட்புத் தெரிவைப் பயன்படுத்தலாம். அதில் பொதுவான இயக்கிகள் உள்ளன. டெபியனில் இயல்பாகவே பெரும்பாலான இயக்கிகள் சேர்க்கப்படுவதால் இச்சிக்கல் குறைவு.

வட்டின் பெயர்

விஎம்வேரில் எஸ்டிஏ எனப்பட்ட வட்டு, விர்ட்டியோவில் விடிஏ என மாறும். எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் எழுதப்பட்டிருந்தால் வட்டுப்பகுதி இணைக்கப்படாது. பெயருக்கு மாறாக யூயூஐடி அடையாளத்தைக் குறிப்பிட்டால் எச்சூழலிலும் மாற்றம் தேவைப்படாது. பழைய வழங்கி பயாஸ் முறையில் தொடங்கியதா, யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கியதா என்பதை அறிந்து, புதிய சூழலிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வலையமைப்பு

வலையமைப்பு இடைமுகத்தின் பெயரும் மாறக்கூடும். இஎன்எஸ்192 என்றிருந்தது இஎன்எஸ்3 ஆகலாம். ஐபி முகவரி பழைய பெயருடன் பிணைக்கப்பட்டிருந்தால், வழங்கி இயங்கினாலும் தொலைவிலிருந்து அதை அணுக முடியாது. எனவே மெய்நிகர்த் திரை வழியாக உள்நுழையும் வசதியையும் நிர்வாகியின் கடவுச்சொல்லையும் முன்னரே உறுதிசெய்ய வேண்டும்.

மாற்றத்துக்குப் பின்

விஎம்வேர் துணைக்கருவிகளை நீக்கி, கியூஇஎம்யூ விருந்தினர் முகவரை நிறுவலாம். இறுதிப் படியெடுப்புக்கு முன் பழைய வழங்கியை முறையாக நிறுத்த வேண்டும். இல்லையெனில் தரவுத்தளக் கோப்புகள் முரண்படக்கூடும். இரு வழங்கிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் ஐபி முகவரி மோதும். புதிய வழங்கியைச் சிலமுறை மறுதொடக்கம் செய்து சரிபார்க்கும் வரை பழையதை அழிக்காமல் நிறுத்தி வைப்பது பாதுகாப்பானது.