ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரியும்

இரவு நிகழ்ச்சியில் வேலை இடத்துச் சங்கடங்களைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டால் போதும், தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் தனியார் கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம், டயாலிசிஸ் மையம் போன்ற இடங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நிறைய. சம்பளம் போதவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. "புதுப் புதுக் கிளை திறக்கிறாங்க, ஆள் மட்டும் போடமாட்டேங்கிறாங்க. மேல சொன்னா கேக்க ஆளில்லக்கா" என்பதுதான் அதிகம் வரும் வார்த்தை. பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள்.

அந்த மாதிரி அழைப்பு வரும்போதெல்லாம் எனக்குத் தெரனோஸ் ஞாபகம் வரும்.

அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் கதை தொடராகவும் ஆவணப்படமாகவும் வந்துவிட்டது. எல்லாரும் பேசுவது அதன் முதலாளி எலிசபெத் ஹோம்ஸைப் பற்றி. கறுப்புச் சட்டை, இமைக்காத கண்கள், வேண்டுமென்றே தாழ்த்திப் பேசியதாகச் சொல்லப்படும் அந்தக் கனத்த குரல். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அந்தக் குரலில் அப்படி ஒன்றும் ஆர்வம் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதுதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவையான பகுதி.

ஹோம்ஸ் 2003-இல், 19 வயதில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தமே போதும், 200-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றார். 2013-இல் வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளுக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி அமெரிக்க டாலர். ஊழியர்கள் சுமார் 800 பேர். அரிசோனா மாநிலத்தில் சுமார் 40 கடைகளில் பொதுமக்கள் விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பதை ஜான் கேரிரூ என்ற பத்திரிகையாளர் முதலில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிலும், பிறகு 2018-இல் 'பேட் பிளட்' என்ற நூலிலும் எழுதினார். ஒரு பிரிவில் வேலை செய்பவர் அடுத்த பிரிவில் இருப்பவரிடம் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது. ஒரே கருவியைச் செய்யச் சொல்லி இரண்டு பொறியாளர் குழுக்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று கணக்கு எடுத்தார்கள். அலுவலகத்தில் இலவச இரவு உணவு உண்டு, ஆனால் அது வரும்போது எட்டு மணி தாண்டிவிடும். அதுவரை இருப்பவனுக்குத்தான் சாப்பாடு. நேற்று வரை பக்கத்து மேசையில் இருந்தவர் இன்று காணாமல் போவார். ஏன் என்று கேட்கக்கூடாது.

2009-இல் இரண்டாம் இடத்துக்கு வந்தவர் ரமேஷ் 'சன்னி' பல்வானி. மென்பொருள் துறைக்காரர், மருத்துவத்திலோ ஆய்வுக்கூடத்திலோ அனுபவம் இல்லாதவர். அவரும் ஹோம்ஸும் காதலர்கள் என்பதை முதலீட்டாளர்களிடமிருந்து மறைத்திருந்தார்கள். முதலாளியிடம் போய் மேனேஜரைப் பற்றி முறையிட முடியாத அமைப்பு அது.

பல்வானியைப் பற்றிக் கேரிரூ சொல்லும் ஒரு சம்பவத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ரோபோ கையின் நுனியில் இருக்கும் பிடிக்கு 'எண்ட் எஃபெக்டர்' என்று பெயர். கூட்டத்தில் பல்வானியின் காதில் அது 'எண்டோஃபேக்டர்' என்று விழுந்தது. அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பொறியாளர் அந்த இல்லாத சொல்லையே தலைப்பாகப் போட்டுத் திரையில் காட்டினார். பல்வானிக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லையாம். நமக்கும் இப்படி ஒரு மேனேஜர் வாய்த்திருக்கலாம். வேறு தொழிலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே அவர் கையில் இருந்தது நோயாளிகளின் ரத்தம்.

எரிக்கா சியூங் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு 2013 அக்டோபரில் அங்கே சேர்ந்தார். அதுதான் முதல் வேலை. தினமும் நோயாளிகளின் ரத்தத்தை எடுப்பதற்கு முன் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தெரனோஸின் சொந்தக் கருவியான 'எடிசன்' அந்தச் சோதனையில் அடிக்கடி தோற்றது. அப்போது என்ன செய்தார்கள்? வந்த ஆறு எண்களில் ஒத்துவராத இரண்டை நீக்கிவிட்டு, தேறியது என்று எழுதினார்கள். இந்தச் சோதனைகளே முடியாமல் இழுத்ததால் காரில் தூங்கிய ஊழியர்களும் உண்டு என்று பின்னாளில் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். தம் ரத்தத்தையே கொடுத்துப் பார்த்தார். எடிசன் வைட்டமின் டி குறைவு என்றது. வழக்கமான இயந்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றது.

வெளியே 200 பரிசோதனை என்று பேச்சு. எடிசனில் உண்மையில் ஓடியவை ஏறக்குறைய ஒரு டஜன்தான். மற்றவற்றுக்குச் சீமென்ஸ் போன்ற நிறுவனங்களின் இயந்திரங்களைத்தான் நம்பியிருந்தார்கள்.

அதே ஆய்வுக்கூடத்தில் டைலர் ஷூல்ட்ஸ் என்ற இளைஞரும் இருந்தார். அவருடைய தாத்தா ஜார்ஜ் ஷூல்ட்ஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர், தெரனோஸ் இயக்குநர் குழுவில் ஒருவர். டைலர் முறைப்படிதான் போனார். 2014 ஏப்ரலில் ஹோம்ஸுக்கு விவரமாக மின்னஞ்சல் எழுதினார். பதில் வந்தது பல்வானியிடமிருந்து. கணக்கும் தெரியாது, ஆய்வுக்கூடமும் தெரியாது, ஷூல்ட்ஸ் பேரன் என்பதால்தான் பதிலே எழுதுகிறேன் என்ற தொனியில் நீண்ட வசவு. டைலர் வேலையை விட்டார். எரிக்காவும் பல்வானியிடம் நேரில் சொல்லிப் பார்த்தார். உனக்கு என்ன தகுதி, கொடுத்த வேலையைச் செய் என்பதுதான் கிடைத்தது. அதே மாதத்தில் அவரும் வெளியேறினார்.

அந்த ஆண்டு இறுதியில் ஆய்வுக்கூட இயக்குநரான மருத்துவரும் சலித்துப்போய் விலகினார். அவர் இடத்துக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? பல்வானிக்கு வழக்கமாக வைத்தியம் பார்த்துவந்த தோல் மருத்துவரை! தம் பொறுப்புக் காலத்தில் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டே முறைதான் போனதாக அவரே சாட்சி சொன்னார்.

அரிசோனாவில் ஒரு பெண். ஏற்கெனவே மூன்று முறை கருச்சிதைவு கண்டவர். மீண்டும் கருவுற்று, தெரனோஸில் ரத்தம் கொடுத்தார். வந்த எண்களைப் பார்த்தால் இந்தக் கருவும் கலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது எண்கள் நன்றாக இருந்தன. அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நீக்கப்பட்ட எண்கள், வேலையை விட்ட பிள்ளைகள், எட்டிப் பார்க்காத இயக்குநர் என்று உள்ளே நடந்ததெல்லாம் இப்படித்தான் ஒரு தாயின் வயிற்றில் போய் முடிந்தது. ஊழியரைப் பேசவிடாத மருத்துவ நிறுவனத்தை வெறும் 'கெட்ட பாஸ்' பிரச்சினை என்று என்னால் நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கேரிரூ விசாரிக்கத் தொடங்கியதும் மிரட்டல் வந்தது. எரிக்காவின் புதிய வேலையிடத்துக்கு வெளியே ஒருவர் காத்திருந்து வழக்கறிஞர் கடிதத்தைக் கொடுத்தார். உறையில் இருந்தது அவர் தற்காலிகமாகத் தங்கியிருந்த விலாசம், அவருடைய அம்மாவுக்கே தெரியாத விலாசம். டைலரைத் தாத்தா பேச அழைத்தார். போனால், மாடியில் தெரனோஸின் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தத் தாத்தா வீட்டில்! வழக்கறிஞர் செலவாக டைலரின் பெற்றோருக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இருந்தும் 2015 செப்டம்பரில் எரிக்கா அரசின் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் எழுதினார். அதிகாரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். நோயாளிகளின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று 2016 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டில், 2014, 2015 ஆண்டுகளின் எடிசன் முடிவுகள் அனைத்தையும் தெரனோஸே செல்லாது என்றது. 2018-இல் நிறுவனம் மூடப்பட்டது.

நம் நாட்டில் இப்படி மாட்டிக்கொண்டால்? நேயர்கள் கேட்டதால் சொல்கிறேன். நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிட வேண்டும். இருக்கவே முடியாதபடி செய்து, நாமே கடிதம் கொடுத்துவிட்டுப் போகவைப்பதும் சில சூழல்களில் வேலைநீக்கமாகவே கொள்ளப்படும். ஆனால் அந்த 60 நாள் கணக்கு கறாரானது. தகவல் கொடுப்போரைப் பாதுகாக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்குத்தான். கோபத்தில் ஃபேஸ்புக்கில் கொட்டிவிட்டு அந்தச் சட்டத்தை நம்பியிருக்காதீர்கள்.

தெரனோஸ் வழக்கில் 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக மட்டும்! நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் ஜூரி அவரை விடுவித்தது. பல்வானி மீது இரண்டு வகைக் குற்றங்களும் நிரூபணமாயின. ஹோம்ஸுக்குப் பதினோரு ஆண்டுக்கும் சற்று அதிகம், பல்வானிக்கு ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு சிறை.

2022 நவம்பரில் ஹோம்ஸுக்குத் தண்டனை அறிவிக்கும் முன் டைலரின் தந்தை நீதிபதி முன்னால் எழுந்து பேசினார். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. யாராவது வந்து கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில், தம் மகன் தலையணைக்குக் கீழே கத்தியை வைத்துக்கொண்டு தூங்கினான் என்று சொன்னார்.