மாதம் 2 கிலோ போதும்!

உடம்பைக் குறைக்க அவசரப்படாதீர்கள்

"பத்தே நாளில் பத்து கிலோ குறையும்!"

இப்படி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சுவரில் இருக்கும். ஆட்டோவின் முதுகில் இருக்கும். செல்போனைத் திறந்தால் அங்கேயும் இருக்கும்.

இது நடக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துணிக்கு மீட்டர் கணக்கு. பாலுக்கு லிட்டர் கணக்கு. சாப்பாடு தரும் சக்திக்குக் கலோரி கணக்கு. சாப்பிடுவது வரவு. உழைப்பது செலவு. வரவு மிஞ்சினால் உடம்பு அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால், சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்து கிலோ கரைய 77,000. அதுவும் பத்து நாளில் என்றால், நாள் ஒன்றுக்கு 7,700!

ஆபீஸ் வேலையும் வீட்டு வேலையும் செய்கிற ஒருவருக்கு, ஒரு நாள் முழுவதும் ஆகிற செலவே சுமார் 2,000 கலோரிதான். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாலும் அதற்கு மேல் அதிகம் கரையாது.

பிறகு எப்படித் தராசு முள் இறங்குகிறது? இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு தசையும் கரைகிறது. மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் தண்ணீர் திரும்பி வந்துவிடும். போன தசை அவ்வளவு எளிதில் வராது. பணமும் போகும். பலமும் போகும்.

அப்படியானால் உடம்பைக் குறைக்கவே முடியாதா? முடியும். மாதம் 2 கிலோ குறைக்கலாம். குறைந்ததைக் காப்பாற்றவும் செய்யலாம்.

சானடோரியத்தின் கதை

தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது சேலையூர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. சுற்றுப்புறம் வளர்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. சேலையூரும் அதில் அடக்கம்.

சேலையூருக்குச் சற்றுத் தொலைவில் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காச நோய் ஆஸ்பத்திரியை அமைத்தார். அப்போது காச நோயைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. இவைதான் வைத்தியம்.

காசம் வந்தவர் உருகிப் போவார். எலும்பும் தோலும் ஆவார். அவருக்கு ஒரு கிலோ எடை கூடினால், டாக்டர் முகம் மலரும். உறவினர் கண்ணில் நீர் வரும். "பிழைத்துக்கொண்டார்" என்று ஊர் பேசும்.

பஞ்சமும் காசமும் பார்த்த மக்கள் நாம். ஆகவேதான் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்" என்பது நம் வீட்டில் பாராட்டு. "இளைத்துவிட்டாயே!" என்பது கவலை.

இன்று காலம் மாறிவிட்டது. 2019-21-ல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், அதாவது 2015-16-ல், பெண்களில் 100-க்கு 31 பேராக இருந்தது. நாலைந்து ஆண்டில் இவ்வளவு ஏற்றம்!

காரணம் என்ன? ஏர் பிடித்தவர் சாப்பிட்ட சோற்றை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சாப்பிடுகிறார். தாம்பரம் ரெயில் நிலையத்திலிருந்து சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். இன்று நடப்பவர் யார்? ஷேர் ஆட்டோ இருக்கிறது. ஸ்கூட்டர் இருக்கிறது. மாடி ஏற லிப்ட் இருக்கிறது.

சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2009-ல் வெளியாயிற்று. சாப்பாட்டின் சக்தியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது என்று அது கண்டது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி.

நீங்கள் குண்டா?

கண்ணாடியைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டாரையும் கேட்காதீர்கள். தையற்காரரின் டேப் ஒன்று போதும்.

விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீர்கள். மூச்சை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31½ அங்குலம். இந்த அளவைத் தொட்டுவிட்டால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சேலையூரில் ஒரு அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். எடை 68 கிலோ. உயரம் 1.55 மீட்டர். 68-ஐ 1.55-ஆல் வகுத்தால் சுமார் 43.9. அதை மறுபடியும் 1.55-ஆல் வகுத்தால் 28. இந்திய உடல்வாகுக்கு இந்த எண் 23-க்குள் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன்.

வெள்ளைக்காரர்களை விட நமக்கு ஏன் குறைந்த எல்லை? நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேருகிறது. கை கால் ஒல்லியாக இருக்கும். தொப்பை மட்டும் முன்னே நிற்கும். இந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். 13½ கோடிக்கு மேற்பட்டவர்கள் நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள்.

வாசற்படியில் நிற்பவர் திரும்பி வர முடியுமா? முடியும் என்று சென்னையிலேயே நிரூபித்தார்கள்.

சென்னை காட்டிய வழி

ராயபுரத்தில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 531 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்கள்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் தந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொன்னார்கள். தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்க வேண்டும். நார்ச்சத்து கூட வேண்டும். அவ்வளவுதான். வேறு பிரிவினருக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

2006-ல் முடிவு வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில், சும்மா இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டை மாற்றியவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன!

இதில் ஒரு அதிசயம் உண்டு. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியும் நோய் தள்ளிப் போயிற்று. ஆகவே, தராசு முள் இறங்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். நீங்கள் நடக்கிற நடை உள்ளே வேலை செய்கிறது.

எடையும் குறைந்தால்? இன்னும் லாபம். அமெரிக்காவில் 3,234 பேரிடம் இதே போன்ற சோதனை நடந்தது. எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. இவைதான் குறி. சர்க்கரை நோய் வருவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக 2002-ல் அறிவித்தார்கள்.

500 கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு நாளைக்கு 500 கலோரி மிச்சம் பிடித்தால் மாதத்தில் 15,000. அதாவது சுமார் 2 கிலோ. இந்த 500-ஐ எங்கே பிடிப்பது?

காபியில்: நாளைக்கு நாலு டம்ளர் காபி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன். அதுவே 160 கலோரி.

சோற்றில்: 100 கிராம் சோறு, அதாவது ஒரு கரண்டி அளவு, குறைத்தால் 130 கலோரி.

எண்ணெயில்: ஒரு மேஜைக் கரண்டி, அதாவது 15 கிராம், குறைத்தால் 135 கலோரி.

நடையில்: அரை மணி நேர வேக நடைக்கு 100 கலோரிக்குக் குறையாது.

கூட்டிப் பாருங்கள். 525! பட்டினி கிடக்கவில்லை. பொடி வாங்கவில்லை. ஒரு ரூபாய் செலவில்லை.

போகப் போக எடை இறங்கும் வேகம் குறையும். லேசான உடம்புக்குச் செலவும் குறைவுதானே! அது தோல்வி அல்ல. 68 கிலோ அம்மாள் ஆறு மாதத்தில் 3½ கிலோ முதல் 7 கிலோ வரை குறைத்தால் போதும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். முழங்கால் வலி குறையும்.

நாலு வாரத் தொடக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரே நாளில் மாற்றியது ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

முதல் வாரம்: எதையும் குறைக்க வேண்டாம். எடையையும் இடுப்பளவையும் எழுதுங்கள். தினமும் வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். பஸ்சுக்காக நிற்கும்போது தின்ற பஜ்ஜியையும் எழுதுங்கள்.

இரண்டாம் வாரம்: காபி, டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பாட்டில் பானத்தை நிறுத்துங்கள். மோர் குடியுங்கள்.

மூன்றாம் வாரம்: நடையைத் தொடங்குங்கள். முதலில் பத்து நிமிடம். பிறகு இருபது. பிறகு முப்பது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ஏரிக்கரை, தெரு, மொட்டை மாடி, எங்கும் நடக்கலாம். நடந்து முடித்ததும் இரண்டு வடை தின்றால், நடந்தது எல்லாம் வடையோடு போயிற்று!

நாலாம் வாரம்: தட்டை மாற்றுங்கள். பாதித் தட்டு காய்கறி, கீரை. கால் தட்டு சோறு. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள். சோற்றுக்குத் தானாகவே இடம் குறையும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அளவின்படி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் போதும். நாலு பெரியவர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் 3½ லிட்டர். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை லிட்டர் போட்டிருக்கிறது?

அம்மாவுக்கு மட்டும் கஞ்சியா?

பல வீடுகளில் நடப்பது இது. டாக்டர் சொன்னார் என்று அம்மாள் ஒரு வாரம் கஞ்சி குடிப்பார். மற்றவர்களுக்குப் பூரியும் கிழங்கும் அவரே சுட்டுப் போடுவார். எட்டாம் நாள் கட்டுப்பாடு பறந்துவிடும்.

இன்னொன்றும் நடக்கும்.

"ஏங்க, ரெண்டு தோசை மிச்சம் இருக்கு. வீணாப் போகுது. நானே சாப்பிட்டுடறேன்."

"வேண்டாம்மா. மூடி வை. காலையிலே நான் சாப்பிட்டுக்கிறேன்."

இந்த ஒரு பதில் போதும். வீணாகக்கூடாது என்று நினைத்தே பல தாய்மார்களின் உடம்பு கூடுகிறது. சாதத்தை அளந்து வடியுங்கள். மிச்சத்தைத் தாயின் வயிற்றில் கொட்டாதீர்கள்.

மெலிய வேண்டியவருக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையலே மாறட்டும். கணவர் கூட நடக்கட்டும். பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். வீட்டோடு சேர்ந்து செய்தால் நிலைக்கும்.

கல்யாண வீட்டில் ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால்? குடி முழுகிவிடவில்லை. மறுநாள் பழையபடி தொடங்குங்கள்.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடவே கூடாது.

எதுவும் செய்யாமலே எடை இறங்குகிறதா? சந்தோஷப்படாதீர்கள். காசம், சர்க்கரை, தைராய்டு போன்ற நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாரம் ஒரு முறை போடும் எடை குறைப்பு ஊசி பற்றி இப்போது பேச்சு அடிபடுகிறது. அது டாக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்து. ஊசியை நிறுத்தினால், குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஊசி போட்டாலும் சாப்பாட்டையும் நடையையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

கூடிய எடை ஒரு நாளில் கூடியது அல்ல. ஆண்டுக்கு ஒரு கிலோ என்று பத்து ஆண்டில் சேர்ந்தது. அது இறங்கவும் காலம் கொடுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். தையல் டேப்பை எடுங்கள். ஒவ்வொருவர் இடுப்பையும் அளந்து, காலண்டரின் ஓரத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள். பத்து நாள் விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டாம். டேப் சொல்வதை நம்பலாம்.