கைக்கோடரிக்குக் கல் தந்த குன்றுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள் நிற்பது தட்டையான வண்டல் நிலத்தில். மேற்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் சத்தியவேட்டின் பெயரைப் புவியியலாளர்கள் ஒரு பாறை அடுக்குக்கே வைத்துவிட்டார்கள். இரும்பேறிச் சிவந்த மணற்கல்லும், உருண்டைக் கற்கள் இறுகிய திரள்பாறையும் கொண்ட அடுக்கு அது. திருவள்ளூர் மாவட்டத்தின் அல்லிக்குழிக் குன்றுகளும் அதைச் சேர்ந்தவையே.

வயது? முற்காலக் கிரெட்டேசியஸ், அதாவது 14.5 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலம். டைனோசர்கள் உலவிய, அண்டார்டிகாவிலிருந்து இந்தியா விலகிக்கொண்டிருந்த காலம். ஆனால் டைனோசர் எலும்பைத் தேடுகிறவர் அரியலூர்ப் பக்கம் போவதே நல்லது. இங்கே பேர்பெற்றவை இலைகள். சத்தியவேடு அடுக்கோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்ரீபெரும்புதூர் அடுக்கின் களிப்பாறையில், சீப்புப் பல் போலச் சிற்றிலைகள் வரிசைகட்டிய டைலோஃபில்லம் என்ற, இன்று பூண்டற்றுப்போன தாவரம் அச்சாகப் பதிந்திருக்கிறது. இப்பகுதித் தாவரப் புதைபடிவங்களை ஆட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் விவரித்து வெளியிட்டார்.

இலை பதிய நீர் தேங்கி நிற்க வேண்டும். சேறு மெல்லப் படிந்து மூட வேண்டும். திரள்பாறையின் கதை நேர்மாறு. முஷ்டி அளவுக் கல்லை உருட்டிவர வெள்ளத்துக்கு வேகம் வேண்டும், அந்த வேகத்தில் இலை தப்பாது. ஆகவே பாறையில் உள்ள கல்லின் அளவைப் பார்த்தே அன்றைய ஆற்றின் வேகத்தைக் கணிக்கலாம்.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அந்த உருண்டைக் கற்கள்தான். பெரும்பாலும் குவார்ட்சைட்: நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணல், வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகியது. நகரி மலைப் பக்கம் இன்றும் அத்தகைய பாறை உண்டு. கடினமான கல், தட்டினால் கூரிய விளிம்போடு சில்லு பெயரும்.

அதைப் பிற்பாடு மனித மூதாதையர் கண்டுகொண்டனர். 1863இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இந்தக் குன்றுகளருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் கல்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்கிறது. மூலப்பொருளுக்கு அவற்றைச் செய்தவர்கள் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. டைனோசர் காலத்து ஆறு சேர்த்துவைத்த கூழாங்கற்களைத் திரள்பாறையிலிருந்து மழையும் ஓடைகளும் உதிர்த்துக்கொண்டே இருந்தன. இதே குன்றுகளில் உள்ள குடியம் குகைகளும் அதே பாறை அரிபட்டு உண்டான ஒதுங்கிடங்கள்தாம்.

பூண்டி நீர்த்தேக்கத்தருகே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உண்டு. இவ்வட்டாரத்துக் கைக்கோடரிகளைப் பார்க்க நேர்ந்தால் பிடிப்பக்கத்தைக் கவனியுங்கள். சிலவற்றில் செதுக்காமல் விட்ட வழவழப்பான தோல் மிச்சமிருக்கும். அது அந்தப் பழைய ஆறு தேய்த்த பரப்பு.