கோல்ப் ஆடுபவருக்கு என்ன கொடுக்கலாம்?

மீன்சுருட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு விளையாட்டு என்றால் சடுகுடு, கைப்பந்து, கிட்டிப்புள். கோல்ப் என்பது தொலைக்காட்சியில் மட்டும் காணும் செல்வர் விளையாட்டு. அப்படியிருக்க, கோல்ப் ஆடுபவருக்குப் பரிசு தேர்வது பற்றி நம் மலரில் ஒரு கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, விடுதிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் உதவியவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர். நீலகிரியில் வெலிங்டனில் பணியாற்றிய நாளில் கோல்ப் பழகி, இன்றும் விடாமல் ஆடி வருபவர். அவருக்கு என் கைப்பணத்தில் ஏதேனும் கொடுக்க விரும்பினேன். எல்லாம் உள்ள ஒருவருக்கு, அதிகம் இல்லாத ஒருவன் எதைக் கொடுப்பது? முதல் சம்பளம் வாங்கும் நாளில் நம்மில் பலருக்கும் எழப்போகும் கேள்வி இது. விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

கோல்ப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது என்று 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தடை செய்தது. தடை நிற்கவில்லை, ஆட்டம் நின்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ப் கிளப் நம் நாட்டில்தான், 1829இல் கல்கத்தாவில் அமைந்தது. தமிழகத்தில் கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895இல் தொடங்கப்பட்டது. ஊட்டியிலும் கோவையிலும் சென்னை நந்தனத்திலும் இன்று மைதானங்கள் உள்ளன.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. குழி, கோல், அடிக்கும் தொலைவு ஆகிய மூன்றும் நம் கிட்டிப்புள்ளிலும் உள்ளவையே. முழு மைதானத்தில் 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழிகளிலும் சேர்த்தவர் வென்றவர். ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்; அதற்குள் பல கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்.

பரிசு என்றதும் கோல் வாங்கலாமா என்றே முதலில் தோன்றும். அது கூடாது. கோலின் நீளம், எடை, வளைவு எல்லாம் ஆடுபவரின் உயரத்துக்கும் கைவீச்சுக்கும் ஏற்ப அமைய வேண்டியவை. பிறர் அளவில் தைத்த சட்டையைப் போல அது பெட்டியிலேயே கிடக்கும். மேலும், ஓர் ஆட்டத்துக்கு 14 கோல்களுக்கு மேல் எடுத்துச் செல்ல விதி இடம் தராது. கையுறையும் அப்படித்தான். வலக்கையர் பெரும்பாலும் இடக்கைக்கு மட்டுமே உறை அணிவார். எந்தக் கை, என்ன அளவு என்று தெரிந்தால் மட்டுமே அதை வாங்கலாம். வியர்வையில் தோல் விறைத்துப்போவதால் அடிக்கடி புதிது தேவைப்படும். ஆகவே அளவு தெரிந்தவருக்கு அது நல்ல பரிசு.

நான் கண்ட பொதுவிதி ஒன்றே: ஆட்டத்தில் எது தொலைகிறதோ, தேய்கிறதோ, தீர்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது ‘டீ’. தேநீர் அன்று, முதல் அடியின்போது பந்தைத் தாங்கி நிற்கும் சிறு மரமுளை. ஆட்டத்துக்கு ஆட்டம் சில முறியும், சில புல்லில் மறையும். முன்பு மணலைக் குவித்தே அதன்மேல் பந்தை வைத்தார்கள். 1899இல் பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவரான ஜார்ஜ் பிராங்க்ளின் கிராண்ட் என்ற கறுப்பினத்தவர் மரமுளைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதை விற்றுப் பொருள் ஈட்டவில்லை. நண்பர்களுக்குச் சும்மாவே கொடுத்து வந்தார். அந்த முளையின் வரலாறே பரிசில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இரண்டாவது, அழியாத மையுள்ள பேனா. பந்துகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஆடுபவர் தம் பந்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வார். புதருக்குள் போன பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடமே அனுமதி. கிடைத்த பந்து தம்முடையதுதான் என்று அந்த அடையாளமே சொல்லும்.

மூன்றாவது, பந்து. மூன்று பந்துகள் கொண்ட சிறு பெட்டி போதும். ஆனால் அவர் வழக்கமாக ஆடும் வகையே வேண்டும். குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்தை எடுத்துத் துடைக்கும் முன் அதன் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம் வேண்டும். பழைய செப்புக் காசு ஒன்று கைவசம் இருந்தால் அதுவே அழகிய பரிசு.

நான்காவதுதான் நம் ஊருக்கு உரியது: நூல் துண்டு. கோலின் முகத்தில் மெல்லிய கோடுகள் உண்டு. அவற்றில் மண் அடைத்தால் பந்தின் சுழற்சி கெடும். ஆகவே துண்டின் ஒரு பாதியை நனைத்து மண்ணைத் துடைத்து, மறுபாதியால் உலர்த்துவார்கள். இதற்கென்று கடையில் விற்பதை விட நீரை நன்றாக உறிஞ்சும் நம் கைத்தறித் துண்டு எவ்வகையிலும் குறைந்ததன்று. கோ-ஆப்டெக்ஸில் ஒன்று வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து மூலையில் ஒரு காஜா எடுத்துவிட்டால் பையில் தொங்கவிடலாம். நான் தேர்ந்ததும் இதுவே. நான்கு மணி நேர நடையில் பசிக்குமே என்று, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிப்பருப்பு கால் கிலோவும் சேர்த்தேன்.

இன்னொருவரையும் மறக்கலாகாது. கோல் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடம் கண்டு, காற்றின் போக்கைச் சொல்லித் துணைவரும் பணியாளரைக் ‘கேடி’ என்பர். (நம் ஊரில் அச்சொல்லுக்குள்ள பொருளை இங்கே கொள்ள வேண்டா!) கேடிகளாகத் தொடங்கிய அலி ஷேர் 1991இலும், பெங்களூரு முனியப்பா 2009இலும் இந்திய ஓபன் பட்டத்தையே வென்றார்கள். பை சுமக்கும் இளைஞனும் நாளைய வீரன் ஆகலாம். பழைய கையுறையும், ஆடி வைத்த பந்துகளும், தொப்பியும் அவனுக்குப் பெரும் உதவி. ஆடுபவருக்கு ஒரு துண்டு வாங்கும்போது அவனுக்கும் ஒன்று வாங்குவது முறை.

பரிசின் மதிப்பு விலைச்சீட்டில் இல்லை. பெறுபவரின் நாள் எப்படிக் கழிகிறது, அவர் கைக்கு எது அகப்படாமல் போகிறது என்று ஒருவன் செலவிட்ட கவனத்தில் இருக்கிறது. அந்தக் கவனத்தைச் செலுத்த ஏழைக்கும் தடை இல்லை. உதவி பெற்றவன் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. அறிந்து கொடுத்தால், சிறு துண்டோடும் நிமிர்ந்து போகலாம்.