இடிபடுவது சுவர் மட்டுமா?

"ஓலைக் குடிசையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டப் போகிறேன்" என்று உழவன் ஒருவன் உவகையோடு சொல்கிறான். அவன் துணைவி கேட்கும் முதற் கேள்வி என்ன தெரியுமா? எத்தனை ஓடு என்பதல்ல. என்ன விலை என்பதுமல்ல. "அதுவரைக்கும் அடுப்பை எங்கே வைக்கிறது?" என்பதுதான்.

அவள் பட்டம் பெற்றவளல்ல, பொறியியல் பயின்றவளல்ல. ஆயினும் கோடிகளைக் கொட்டித் திட்டம் தீட்டுவோர் பலருக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றுகிறது. ஏன்? அவர்கள் முன்னே இருப்பது வரைபடம். அவள் முன்னே இருப்பது பசித்த பிள்ளை!

தோழர்களே! பண்டசோழநல்லூரிலோ, பாகூரிலோ, வில்லியனூரிலோ, ஊர்ப் பொதுக் கட்டிடம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று நாளை முடிவாகிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். மாலை வரும், மேடை வரும், அடிக்கல் வரும், அதிலே பெயர்கள் அடுக்கடுக்காக வரும். ஆனால், அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி வருமா? அதுதான் நாம் இன்று எழுப்பும் பிரச்சினை.

கிராமத்துப் பொதுக்கூடம் என்றால் என்ன? நான்கு சுவரும் ஒரு கூரையுமா? பணக்காரனுக்கு அது அப்படித்தான் தெரியும். அவனுக்குக் கலியாணம் என்றால் நகரத்து மண்டபம் இருக்கிறது. கூட்டம் என்றால் சொந்த வீட்டுக் கூடம் இருக்கிறது. மழை வந்தால் மாடி இருக்கிறது. நெல் வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலி வேலை செய்து வாழ்பவனுக்கோ, அந்தக் கூடம்தான் கலியாண மண்டபம், அந்தக் கூடம்தான் நியாயம் பேசும் இடம், அந்தக் கூடம்தான் புயலடிக்கும் இரவில் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் புகலிடம்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோதும், குடிசை வாழ் மக்கள் ஓடிய இடம் எது? பள்ளிக்கூடமும் பொதுக்கூடமுந்தானே! ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் புதுவையில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அடுத்து வந்த தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. அந்த வேளையில், "கூடம் வேலையில் இருக்கிறது, அடுத்த ஆண்டு திறப்பு விழா, அப்போது வாருங்கள்!" என்று சொல்லியிருந்தால் மக்கள் எங்கே போயிருப்பார்கள்?

புதிது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கீறல் விட்ட கூரையின் கீழே குழந்தைகளை உட்கார வைத்துவிட்டுப் பழம்பெருமை பாடுவோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். பழுதானதை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுவை கண்ணாரக் கண்டிருக்கிறது. கடற்கரைச் சாலையிலே கம்பீரமாக நின்ற மேரிக் கட்டிடம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1870ஆம் ஆண்டையொட்டி எழும்பியது. புதுவை நகராட்சி இயங்கிய இடம். 2014 நவம்பர் 29இல், அடை மழையிலே, அது பொலபொலவென்று சரிந்து விழுந்தது.

பிறகு என்ன நடந்தது? உலக வங்கிக் கடனுதவியோடு, சுமார் 15 கோடி ரூபாய் செலவில், பழைய தோற்றம் மாறாமல் மீண்டும் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. அழகான கட்டிடம், மறுக்கவில்லை. ஆனால் விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையே ஓடிய காலம் ஆறாண்டுக்கும் மேல்! விழுந்த அன்று ஒன்றாம் வகுப்பிலே சேர்ந்திருந்த பிள்ளை, திறந்த அன்று ஏழாம் வகுப்பிலே இருந்தது. நகராட்சிக்கு வேறிடம் கிடைத்துவிடும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனால் அலுவலகம் நடக்கும். பண்டசோழநல்லூர்க் கூலிக்காரன் தன் மகள் கலியாணத்தை எங்கே தூக்கிக்கொண்டு போவான்? ஆறாண்டு ஒத்திப் போடுவானா?

இடைக்காலம்! அதுதான் ஏழையைக் கடிக்கும் பாம்பு. இடிக்கும் நாளுக்கு நல்ல நேரம் பார்ப்பவர்கள் உண்டு. திறக்கும் நாளுக்குத் தேதி குறிப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நாட்களுக்குப் பொறுப்பாளி யார்? யாருமில்லை.

வெளியூர் அனுபவம் என்ன சொல்கிறது? சென்னையிலே மூர் மார்க்கெட் 1985 மே 30இல் தீக்கிரையானது. பழைய புத்தகம் விற்றவர், பறவை விற்றவர், பாத்திரம் விற்றவர் அத்தனை பேரும் ஓரிரவிலே தெருவுக்கு வந்தனர். பிறகு அல்லிக்குளத்துப் பக்கம் கடைகள் கட்டித் தரப்பட்டன. கடை கிடைத்தது, ஆனால் பழைய கூட்டம்? கட்டிடத்தைக் கட்டித் தரலாம், தோழர்களே; கால்தடத்தைக் கட்டித் தர முடியாது!

திருச்சியைப் பாருங்கள். காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்க என்று, கள்ளிக்குடியிலே சுமார் 77 கோடி ரூபாயில் வணிக வளாகம் எழுந்தது. 2017இல் திறப்பு விழாவும் ஆயிற்று. வியாபாரிகள் போகவில்லை. தூரம், வாடகை, வாடிக்கைக்காரர் வருவாரா என்ற அச்சம் ஆகியவற்றைக் கட்டுவதற்கு முன்பே பேசித் தீர்த்திருந்தால், கோடிக்கணக்கான பணம் வெறும் தாழ்வாரங்களாக நின்றிருக்காது. நமது புதுவைப் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு எழுந்தபோது வியாபாரிகள் எழுப்பிய குரலும் இதுதான்: "மொத்தமாக மூடாதே; பகுதி பகுதியாகக் கட்டு!" அதைச் சிலர் பிடிவாதம் என்றனர். நாம் அதை அனுபவம் என்கிறோம்.

யாரைக் கேட்டு இதையெல்லாம் முடிவு செய்வது? இங்கேதான் வேதனை மிகுதி. நமது கொம்யூன்கள் நேற்று முளைத்தவையல்ல. 1880இல் பிரெஞ்சு அரசின் ஆணையால் பிறந்தவை. 1954 மார்ச்சில் மேயர்களும் நகரசபை உறுப்பினர்களும் இந்தியாவோடு இணைவோம் என்று தீர்மானம் போட்டபோது பிரெஞ்சு ஆட்சியே ஆட்டங் கண்டது. பண்டசோழநல்லூர் அடங்கிய நெட்டப்பாக்கம் கொம்யூன், அந்தப் போராட்டத்தின் முன்வரிசையிலே நின்ற பூமி. அதே ஆண்டு அக்டோபர் 18இல், வில்லியனூரை அடுத்த கீழூரிலே, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். ஒரு நாட்டின் தலைவிதியையே தீர்மானித்தவர்கள் உள்ளூர் உறுப்பினர்கள்!

அத்தகைய பெருமை படைத்த மண்ணிலே, 1968இல் ஓர் உள்ளாட்சித் தேர்தல், அதற்கடுத்தது 2006இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! 2011இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பின் பத்தாண்டு கடந்தும் தேர்தல் இல்லை. 2021இல் தேதி அறிவித்தும் நடைபெறாமலே நின்றது. நாட்டை இணைக்க நமது ஊர் உறுப்பினன் வேண்டியிருந்தான். நமது ஊர்க் கூடத்தை இடிக்க அவனைக் கேட்க வேண்டியதில்லையாம்! என்னே விந்தை!

ஆகவே, கேட்க ஆளில்லை என்று கைகட்டி நிற்பதா? கூடாது. ஊரே கூடிக் கேட்க வேண்டும். கேட்பது கூச்சலாக இருக்கக் கூடாது. கணக்காக இருக்க வேண்டும். நாம் கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறோம். தோழர்கள் குறித்துக் கொள்ளட்டும்.

முதலாவது, மாற்றிடம். மாற்றிடம் தயாராகும் வரையில் கடப்பாரை சுவரிலே விழக் கூடாது. அந்த மாற்றிடமும் எப்படிப்பட்டது? ஒரு தெருவார் உள்ளே போய் உட்காரவும், மற்றொரு தெருவார் வாசலிலே நின்று எட்டிப் பார்க்கவுமான இடமாக அது அமைந்துவிடக் கூடாது. பொதுக்கூடத்தின் பெருமையே பொது என்ற சொல்லில்தான் இருக்கிறது. சேரியிலிருந்து வருபவனும் ஊரிலிருந்து வருபவனும் ஒரே பாயில் உட்காரும் இடம் அது. "தற்காலிகந்தானே" என்று சொல்லி அந்தப் பாயைச் சுருட்டிவிட்டால், மீண்டும் விரிக்க எத்தனை காலமாகும்? சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. சமத்துவத்தைக் கட்டியது தலைமுறை வேலை!

இரண்டாவது, காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும். புயல் காலத்திலே புகலிடத்தைப் பிரித்துப் போடுவது அறிவீனம். தை பிறந்ததும் தொடங்கட்டும். அடுத்த மழைக்கு முன் கூரையாவது ஏறட்டும். முடிக்க வேண்டிய தேதி ஒப்பந்தத்திலே இருக்கட்டும். தவறினால் தண்டம் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். அந்தத் தேதியும், தொகையும், ஒப்பந்தக்காரர் பெயரும் வேலை நடக்கும் இடத்திலே பலகையாகத் தொங்கட்டும். தமிழிலே, தடித்த எழுத்திலே!

மூன்றாவது, அண்டை வீடு. பக்கத்திலே இருப்பது மண் சுவரும் நாட்டு ஓடும். இயந்திரம் அதிரும்போது அந்தச் சுவரிலே கீறல் விழும். "முன்பே இருந்த கீறல்தானே!" என்பான் ஒப்பந்தக்காரன். ஆகையால், இடிக்கத் தொடங்குமுன் அண்டை வீடுகளின் சுவர்களைப் படமெடுத்து, வீட்டுக்காரரிடமும் அதிகாரியிடமும் கையொப்பம் பெற்று வைக்க வேண்டும். தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு நேரமாக வகுத்த பொழுது. அப்போது வேலைச் சத்தம் கூடாது. பள்ளி விடும் வேளையில் லாரி தெருவுக்குள் நுழையக் கூடாது.

நான்காவது, இடிபாடு. இரவோடிரவாக வாய்க்காலிலே கொட்டிவிட்டுப் போவது எளிது. மழை வந்தால் அந்த வாய்க்கால் நமது வயலுக்குள்தான் வரும். கல், கம்பி, மரம், மண் என்று பிரித்து அப்புறப்படுத்த வேண்டுமென்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. பழைய கதவு, நிலை, உத்தரம், செங்கல் ஆகியவற்றை ஊரறிய ஏலம் விட்டு, அந்தப் பணம் பஞ்சாயத்துக் கணக்கிலே ஏறட்டும். உத்தரம் ஒருவர் வீட்டுக்கும் செங்கல் ஒருவர் தோட்டத்துக்கும் நடந்து போகக் கூடாது!

ஐந்தாவது, கைகள். வேலை யாருக்கு? சித்தாள் முதல் கொத்தனார் வரை நமது ஊரிலேயே இருக்கும்போது அவர்களுக்கு முதலிடம் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வரும் தொழிலாளி நமது பகைவனல்ல. அவனும் வயிற்றுக்கு உழைப்பவன். அவனைக் குறைந்த கூலிக்குக் கூட்டி வந்து, நமது கூலியையும் அறுப்பவனிடந்தான் நமது வழக்கு. இருவருக்கும் ஒரே கூலி, ஒரே நேரம், ஒரே பாதுகாப்பு. 1936 ஜூலை 30இல் புதுவையிலே ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் சிந்திய இரத்தத்துக்குப் பிறகு வந்ததுதான் எட்டு மணி நேர வேலை. அந்த மண்ணிலே, "அவசர வேலை" என்று சொல்லிப் பன்னிரண்டு மணி நேரம் கல் சுமக்க வைப்பதை அனுமதிக்கலாமா?

"இத்தனை நிபந்தனை போட்டால் வளர்ச்சி எப்படி வரும்? ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடுமே!" என்று சிலர் மிரட்டுவார்கள். பணம் திரும்புவது கேள்வி கேட்டதாலல்ல. பதில் தயாராக இல்லாததால். கள்ளிக்குடியிலே பணம் திரும்பவில்லை, செலவாயிற்று. ஊர் பிழைத்ததா?

நமக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொள்ள வேண்டும். அடிக்கல் நாட்டு விழாவிலே முன்வரிசை நாற்காலிக்கு முந்துவதும், கல்வெட்டிலே பெயர் விடுபட்டதென்று முகம் சுளிப்பதும் நம்மிடையே இல்லாத நோயா? அந்த விழாவுக்கு நூறு பேர் வருகிறோம். பிறகு பத்து மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்று, சிமெண்டு மூட்டையை எண்ணவும், தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தார்களா என்று பார்க்கவும் பத்துப் பேர் உண்டா? அந்தப் பத்துப் பேரில் பாதி பெண்களாக இருக்கட்டும். அடுப்பு எங்கே என்று முதலில் கேட்டவர்கள் அவர்களல்லவா!

எழட்டும் புதுக் கூடம். உயரமாக எழட்டும், உறுதியாக எழட்டும். ஆனால், அது எழும் வரையில் எவன் வீட்டு அடுப்பும் அணையக் கூடாது. எவள் கலியாணமும் நிற்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் மழையிலே நனையக் கூடாது. வரைபடத்தை விரித்து வைத்து அதிகாரி உங்கள் ஊருக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே:

"அதுவரைக்கும் அடுப்பை எங்கே வைக்கிறது, ஐயா?"