தாங்கியில் எண்ணெய் உண்டு, மெசின் ஏன் நிற்கிறது?

பெரும்போக உழவுக்காகக் கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே வயல் வட்டைகளுக்குப் போகும் உழவு இயந்திரங்களிற் பல, அவற்றை ஓட்டுபவர்களை விட வயது கூடியவை. மெசி பேர்குசன் 135 இங்கிலாந்தில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டது. அதன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜின் இலேசில் சாகாது. ஆனால் 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன மெசினும், 2004 டிசம்பர் 26 இல் கடல்நீர் புகுந்த மெசினும் மாதக்கணக்கில் அசையாமற் கிடந்தன. அப்படிக் கிடந்த ஒன்றைத் திரும்ப வயலில் இறக்கும்போது முதலிற் தொந்தரவு தருவது என்ஜின் அல்ல, எண்ணெய் வரும் வழிதான்.

உழும்போது மெசின் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. “பம்ப் போய்விட்டது” என்று யாரோ சொல்ல, புதுப் பம்ப் வாங்கப்படுகிறது. இரண்டு நாளில் மீண்டும் அதே கதை. விதைப்புத் திகதி குறித்து, வாய்க்காலில் தண்ணீரும் திறந்த பின் மெசின் ஒரு கிழமை கராஜில் நின்றால் என்னவாகும் என்பதைக் கடன்பட்டு விதைநெல் வாங்கியவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். பம்ப் கடைசியில் வரட்டும்.

முதலில் தாங்கியின் மூடி. அதில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. சேறும் தூசும் அதை அடைத்தால், எண்ணெய் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வருவது நின்றுவிடும். மெசின் நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே போய், பிறகு மெசின் ஓடினால் நோய் அதுதான். ஒரு ஊசி போதும்.

அடுத்தது தண்ணீரும் துருவும். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும். டீசலை விடத் தண்ணீர் பாரம் கூடியது, அடியிற் தங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பில்டரின் அடித் திருகாணியைத் திறந்து கொஞ்சம் வடியவிடுங்கள். துரு வந்துகொண்டே இருந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். அதை ஒட்டுப்போடக் கொடுக்கும்போது கவனம்: வெறுந் தாங்கிக்குள் இருக்கும் ஆவி தீப்பிடித்து வெடிக்கக்கூடியது, பெற்றோல் தாங்கி என்றால் மிகவும் ஆபத்து.

டீசல் தீர்ந்து நின்ற மெசினுக்கு எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். எயர் எடுக்க வேண்டும். பில்டருக்கு மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, என்ஜினின் பக்கத்திலுள்ள சிறு பம்பின் கைப்பிடியை அடியுங்கள். குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்போது இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்டர் பம்பில் உள்ள திருகாணிகளிலும் அப்படியே. கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி என்ஜினைச் சுற்றவிட்டு, எண்ணெய் வந்ததும் இறுக்குங்கள். அழுத்தத்துடன் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். கைப்பிடி அடித்தும் பம்ப் வேலை செய்யாதது போலிருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கேம் உயர்ந்த இடத்தில் நின்றால் அப்படித்தான் இருக்கும். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள்.

எயர் எடுத்தும் ஓரிரு மணித்தியாலத்தில் மீண்டும் காற்று அடித்தால், தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ வோஷரோ ஹோஸோ உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனாற்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஆளை ஏமாற்றுகிறது.

பம்பே பழுதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. என்ஜின் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் தானாக ஏறி, டீசல் மணத்தால் பம்பின் டயப்பிரம் கிழிந்திருக்கலாம். டீசல் ஒயிலோடு கலக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் பெயரிங் போகும். செலவு பத்து மடங்கல்ல, என்ஜினே கேள்விக்குறி. இதற்கு மட்டும் தாமதிக்காதீர்கள். (லாண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. தாங்கி உயரத்தில் இருப்பதால் எண்ணெய் தானாக இறங்கும். மூடி, தட்டி, பில்டர் மூன்றையும் பார்த்தாற் போதும்.)

இனி எண்ணெய் மீட்டர். பழைய மெசினிலும் லொறியிலும் அதை நான் நம்புவதில்லை. தாங்கிக்குள் மிதவை ஒன்று எண்ணெயோடு ஏறி இறங்கி மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. முள் அதற்கேற்ப அசைகிறது. மிதவை ஓட்டையாகி மூழ்கலாம். ஏர்த் வயர் துருப்பிடிக்கலாம். சாவியைப் போட்டு, தாங்கியிலுள்ள வயரைக் கழற்றி ஒரு கணம் மட்டும் வெற்று இரும்பிற் தொடுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் வயரும் நலம், பழுது தாங்கிக்குள். அசையாவிட்டால் பியூஸையும் வயரையும் பாருங்கள். பெற்றோல் வாகனத்தில் மணம் வந்தால் இந்தச் சோதனை வேண்டாம், பொறி போதும்.

அதைவிட நல்ல மீட்டர் ஒரு காய்ந்த தடி. சமதரையில் மெசினை நிறுத்தி, வெறுந் தாங்கிக்குள் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டுங்கள். சேறு படாத உறையிற் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.

யாழ்ப்பாணத்தில் 1990களில் பெற்றோல் தடையிருந்தபோது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதைக் கேட்டவர்கள் டீசலோடும் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். அந்தக் கார்களின் கதை வேறு. டீசல் என்ஜினின் இன்ஜெக்டர் பம்புக்கு டீசலே எண்ணெய்ப்பசை. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, கலந்தால் உள்ளுறுப்புகள் தேயும்.

கான்களிலிருந்து எடுக்கும்போது ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் பலருக்கும் உண்டு. ஒரு மிடறு தவறிச் சுவாசப்பைக்குள் போனாலும் கடும் நியுமோனியா வரலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையால் அமுக்கும் இறப்பர்ப் பம்ப் ஒன்றை நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கலாம்.