‘நாளைக்குப் படிச்சுக்கலாம்’

பிளஸ் டூ இயற்பியலின் முதல் பாடம் நிலைமின்னியல். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காணும் ஐந்து மதிப்பெண் வினா அதில் உண்டு. அதைப் படிக்க உட்காரும் உங்கள் மகளைச் சற்றுக் கவனியுங்கள். இரண்டு வரி ஓடும். மூன்றாவது வரி இடிக்கும். உடனே தாகம் எடுக்கும், மேசையை அடுக்கத் தோன்றும், புது டைம்டேபிள் போட ஸ்கெட்ச் பேனா தேடுவாள். கடைசியில் ஃபிரெண்டிடம் டவுட் கேட்பதாகச் சொல்லி போனை எடுப்பாள். அரை மணி கழித்துப் பார்த்தால் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் ‘சோம்பேறி’ என்று திட்டு விழும்.

சோம்பலா இது?

இல்லை. சோம்பேறிக்கு வேலை கிடப்பதில் கவலை இருக்காது. இவளுக்கோ ரீல்ஸ் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. பியூஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரை, தள்ளிப்போடும் பழக்கத்தை மனநிலையோடு சேர்த்துப் பார்த்தது. புரியாத அந்த மூன்றாவது வரி, ‘எனக்கு இது வராது’ என்ற பயத்தைக் கிளப்புகிறது. புத்தகத்தை மூடியதும் பயம் அடங்குகிறது. அந்த நிம்மதி மனசுக்குப் பிடித்துவிடுவதால் அடுத்த முறையும் புத்தகத்தை மூடவே கை போகிறது. இந்த நேரத்தில் திட்டினால் பயம் இன்னும் ஏறும். புத்தகம் இன்னும் தள்ளிப் போகும்.

பரீட்சை நெருங்கும்போது

அமெரிக்காவின் டயான் டைஸ், ராய் பௌமைஸ்டர் இருவரும் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு பெற்றோர் அறிய வேண்டியது. தள்ளிப்போடுபவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். பருவ முடிவில் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அவர்களுக்கே அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. விடிய விடியப் படித்துச் சரிக்கட்டவும் முடியாது. படித்தது நினைவில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

போனை எங்கே வைப்பது?

போனைச் சைலன்ட்டில் போட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது; கை தன்னால் அங்கே போகும். ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் மனதில் ஒரு பகுதி அந்த மெசேஜிலேயே நிற்கும். வேறு அறையில், ஃபிரிட்ஜ் மேலே வையுங்கள். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறதே என்றால், அதைத் தாளில் எழுதிக்கொண்டு போனை வெளியே அனுப்பலாம். பிள்ளையின் போனை வாங்கி வைத்துவிட்டு ஹாலில் சீரியலைச் சத்தமாக ஓடவிடுவது நியாயமில்லை. பிள்ளை படிக்கும் நேரத்தில் டிவியும் ஓயட்டும்.

படத்தை மட்டும் வரை

‘இன்று இயற்பியல் முடிக்கணும்’ என்பது மலைப்பைத்தான் தரும். ‘ஏழு மணிக்கு, ஜன்னலோர மேசையில், இருமுனையின் படத்தை மட்டும் வரைவேன்’ என்று நேரமும் இடமும் குறித்துச் சொல்லிக்கொண்டால் தொடங்குவது எளிது. படம் முடிந்ததும் முதல் இரண்டு வரி. இடிக்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு மேலே போகலாம். மறுநாள் ஆசிரியரிடம் அந்தக் குறியைக் காட்டினால் போதும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிட ஓய்வு என்ற முறை பலருக்கு ஒத்துவருகிறது. ஓய்வில் நடக்கட்டும், போன் வேண்டாம்.

நேற்று வீணாய்ப் போனதற்காக இன்று தன்னையே நொந்துகொள்வதும் படிப்பைத் தள்ளிப்போட வைக்கும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். ‘போனது போகட்டும், வா, இப்ப ஒரு படம் போடலாம்’ என்று அம்மா சொல்வது செல்லம் கொடுப்பதல்ல.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சிறு வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் எதிலும் கவனம் நிற்காமல், பொருட்களை அடிக்கடி தொலைத்துக்கொண்டிருந்தால் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்த விளையாட்டும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து கிடந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்; பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.